செவுள் அக்காவும் நாற்பது தாய் மீன்களும்

புது ஆளைச் சந்தித்தால் நாம் முகத்தைப் பார்ப்போம். விவரமானவர்கள் செருப்பைப் பார்ப்பார்கள். மீன் பண்ணையில் வேலை பார்க்கும் இந்த அக்கா மூச்சைப் பார்ப்பார். மாடிப்படி ஏறி வந்த புது மருமகனை "வாங்க" என்று சொல்வதற்கு முன்பே, "ஏன் இப்படி இளைக்குது?" என்று கேட்டவர். மீனைக் கையில் எடுத்தால் கன்னத்து மூடியை நெம்பி, உள்ளே செவுள் செக்கச்செவேலென்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. "செவுள்" என்ற பட்டத்தைக் கொடுத்தவர் அவருடைய கணவர், பண்ணையின் வேன் ஓட்டுநர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வைத்ததில் நிலைத்தது அந்தப் பட்டம் ஒன்றுதான்.

மீனை உயிரோடு இடம் மாற்றுவது அக்காவின் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார். அதில் முதல் விதி பட்டினி. ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மீனுக்குத் தீவனம் கிடையாது. அரசாங்க ஆணைகளைவிடக் கண்டிப்பாக அமல்படுத்தப்படும் விதி இது.

போன கோடையில் பண்ணைக் குளத்தின் ஊற்று நின்றுபோனது. நாற்பது தாய்க் கெண்டைகளை ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்த புதுக் குளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குஞ்சு பொரிக்க வேறு தாய் மீன் கிடையாது. அவை செத்தால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்.

முதலாளி நல்ல மனிதர். அதுதான் சிக்கல். ஏற்றுவதற்கு முந்தைய மாலை யாரும் பார்க்காதபோது போய், இரண்டு கூடை தீவனத்தைக் குளத்தில் கொட்டிவிட்டு வந்திருந்தார். இது யாருக்கும் தெரியாது. காலையில் மீனை வேன் தொட்டியில் ஏற்றி, ஆக்சிஜன் குழாயைத் திறந்து, கிளம்பியாகிவிட்டது. முதலாளியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து அக்கா வண்டியை ஓரம் கட்டச் சொல்லித் தொட்டி மூடியைத் திறந்தார். தண்ணீர் மேல் நுரை கட்டியிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"காத்துதான் நல்லா குமிழி விடுதே!" என்றார் கணவர்.

"காத்து உள்ள போகுது. கழிவு எங்க போகும்?" என்ற அக்கா, முதலாளி பக்கம் திரும்பினார். "தீனி போட்டது யாரு?"

முதலாளி சட்டைப் பித்தானைத் திருகினார். "இல்லக்கா… தூரப் பயணம். வெறும் வயித்தோட எப்படி அனுப்புறது?"

"விருந்து வெச்சு வழியனுப்ப அதுங்க என்ன உங்க மச்சானா?"

அக்கா கோபப்பட்டதன் நியாயம் செவுளில் இருக்கிறது. நம் அலுவலகங்களில் நுழைய ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல், இரண்டையும் பூட்டிவைக்க ஓர் ஆள். மீனுக்கு அந்த வசதி இல்லை. செவுளின் மெல்லிய இதழ்களுக்குள் ரத்தம் ஒரு திசையில் ஓடுகிறது. வெளியே தண்ணீர் எதிர்த் திசையில் ஓடுகிறது. அதனால் ரத்தம் எந்த இடத்துக்கு வந்தாலும் பக்கத்துத் தண்ணீரில் தன்னிடம் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிஜன் இருக்கும், வாங்கிக்கொண்டே போகும். உடம்பெல்லாம் சுற்றிச் சேர்த்துவந்த அமோனியாவை அதே வாசலில் தண்ணீரிடம் கொடுத்துவிடும். ஆனால் வெளியே தண்ணீரே அமோனியாவால் நிறைந்திருந்தால் யாரிடம் கொடுப்பது? சரக்கு ரத்தத்திலேயே தேங்கும். இரண்டு கூடை தீவனம் அந்தத் தொட்டியில் செய்தது இதைத்தான். அக்கா இதைப் பாடமாகப் படித்தவர் இல்லை. செத்த மீன்களை அறுத்துப் பார்த்தும், சாகாத மீன்களை விடாமல் பார்த்தும் தெரிந்துகொண்டவர்.

"அதோ பெட்ரோல் பங்க்ல குழாய் இருக்கே," என்றார் முதலாளி.

"அதுல குளோரின் இருக்கும். செவுள் வெந்துடும். நீங்க நல்லது செஞ்ச வரைக்கும் போதும்."

அரை மைல் தள்ளி ஓர் ஆறு ஓடியது. வேனைக் கரையோரம் நிறுத்தினார்கள். தொட்டியின் அடி வால்வைத் திறந்து, பாதித் தண்ணீரைக் கசடோடு பள்ளத்துக்குள் வெளியேற்றினார் அக்கா. ஆற்றில் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார். பிறகு தொட்டியில் நனைத்துப் பார்த்தார். "கொஞ்சம்தான் வித்தியாசம். ஆனா மடமடன்னு ஊத்தக்கூடாது."

வாளி தூக்க ஆள்? மூடிய வால்வு கசியாமல் கணவர் அழுத்திப் பிடித்திருந்தார். அக்கா மீன்களின் வாயைப் பார்த்தபடி நின்றார். மிச்சம் இருந்தது வெள்ளைச் சட்டை. ஐம்பது வாளி. இருபதாவது வாளியில் முதலாளி இளைத்தார், முப்பதாவதில் உட்கார்ந்தார்.

"அக்கா… முடியல… மூச்சு…"

"உங்களுக்கு உட்கார இடம் இருக்கு முதலாளி. அதுங்களுக்கு எங்க இருக்கு? எழுந்திரிங்க."

எழுந்தார். ஒரு தொழிலாளி முதலாளியை இப்படி வேலை வாங்கியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. தொழிற்சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

நாற்பத்தைந்தாவது வாளியில் வாய்கள் ஒவ்வொன்றாக நீருக்குள் இறங்கின. அதன் பிறகு மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, பார்த்து, மெதுவாகப் போனார்கள்.

புதுக் குளத்தில் முப்பத்தொன்பது மீன்கள் விட்ட வேகத்தில் மறைந்தன. ஒன்று மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

"போச்சா?" என்று கரையிலிருந்து கேட்டார் முதலாளி.

அக்கா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மீனை இரு கைகளில் ஏந்தி, தலை முன்னால் இருக்கும்படி பிடித்து நடந்தார். வாய்வழி நுழைந்த தண்ணீர் செவுள்வழி வெளியேறியது. குளத்தின் மூலை வந்ததும் பின்னால் இழுக்காமல் வளைந்து திரும்பினார். மீனுக்குத் தண்ணீர் எப்போதும் முன்னாலிருந்துதான் வர வேண்டும். ஒரு சுற்று, இரண்டு, ஐந்து. மீனால் நீந்த முடியாத தூரத்தை அவர் கால்கள் நடந்து கொடுத்தன.

"ஏய், போதும் வா. குளிர் ஏறும்," என்றார் கணவர்.

"நீங்க டீ சொல்லுங்க. நான் வர்றேன்."

ஏழாவது சுற்றில் வால் அவர் மணிக்கட்டில் அடித்தது. கையைத் தளர்த்தினார். மீன் நிமிர்ந்தது, ஒரு கணம் நின்றது, கீழே இறங்கிப்போனது.

முதலாளி கரையில் கைதட்டினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. டீ ஆறி ஆடை கட்டும் வரை தண்ணீரிலேயே நின்று, குளத்தின் மேல்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுக்காக ஒரு வாய்கூட மேலே வரவில்லை என்று உறுதியான பிறகுதான் கரையேறினார்.