அம்மாக்கண்ணுவின் வயிற்றெரிச்சல்

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அம்மாக்கண்ணு வருகிறாள் என்றால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். கொழுந்து பறிப்பதில் அவள் கை வேகம், வாய் அதைவிட வேகம். யாருக்காவது ஒரு சலுகை கிடைத்துவிட்டால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

சுதந்திரம் வந்த வருஷம் அவளுக்கு எட்டு வயது. அப்போதுதான் தங்கை மீனம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு ஒரு கால் சூம்பிப்போனது. அன்றிலிருந்து அப்பா அழகுமுத்துவின் தோள் மீனம்மாவுக்கென்றே ஆகிவிட்டது. கோயிலுக்கும் கடைக்கும் அவளைச் சுமந்துகொண்டு போவார். அம்மாக்கண்ணு பின்னாலேயே ஓடுவாள். ஒரு மழைநாளில், அட்டை கடித்து ரத்தம் வழியும் காலோடு கேட்டாள்:

"என்னையும் தூக்குங்கப்பா."

"ஒனக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்கே, நடம்மா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை.

கல்யாணமாகியும் அந்தப் பொருமல் கூடவே வந்தது. கணவன் செல்லசாமி தன் அக்கா மகளுக்குக் கொட்டகலையில் ரிப்பன் வாங்கிக் கொடுத்ததற்காக, அவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தாள்.

பக்கத்து வீட்டு வீரம்மா மாசமாக இருந்தாள். வேலையை மேற்பார்க்கும் சிவசாமி கங்காணி அவளை மேட்டுக்கு ஏறவிடாமல், ஆற்றோரத்துச் சமதரையில் கொழுந்தெடுக்க விட்டார். அம்மாக்கண்ணுவால் பொறுக்க முடியவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்து நிர்வாகியான துரையின் காதுபட நின்று கத்தினாள்.

"அவ மட்டும் என்ன மகாராணியா? எங்களுக்கு மட்டும் மேடா?"

துரைக்குப் பயந்து கங்காணி வீரம்மாவையும் மேலே அனுப்பினார். மத்தியானம் ஈரப்பாறையில் வழுக்கி விழுந்தாள் வீரம்மா. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கை முறிந்தது.

சாயங்காலம் அம்மாக்கண்ணு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வீரம்மா வீட்டுக்குப் போனாள். உள்ளே வீரம்மாவின் புருஷன் அழகன், மனைவிக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தான். தன்னால் வந்த வினை என்று தெரிந்திருந்தும், 'எனக்கு இப்படி யார் ஊட்டினாங்க' என்று வயிறு எரிந்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அழுதுவிட்டாள். அப்பாவின் தோளை, அந்த மழைநாளை, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள்.

வீரம்மா கேட்டு முடித்தாள். முகம் இளகவில்லை.

"அதுக்கு நான் என்னடி செஞ்சேன்?"

அம்மாக்கண்ணு ரொட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அங்கிருந்து நேராகக் கங்காணி வீட்டுக்குப் போனாள்.

"கை எலும்பு சேந்து அவ வேலைக்கு வந்தப்புறம், ஆத்தோரத்துலயே போடுங்க. யாராச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன்."

"நீயா சொல்ற?" என்றார் கங்காணி.

பிள்ளை பிறந்து, வீரம்மா மீண்டும் வேலைக்கு வந்தாள்; கங்காணி அவளைக் கீழே சமதரையிலேயே விட்டார். மேட்டு நிரையில் நின்ற அம்மாக்கண்ணுவின் கண் ஆற்றோரத்துக்கு ஓடியது. வயிறு எரியத்தான் செய்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.