தெருத் தண்ணீரெல்லாம் வந்து சேர்ந்த வீடு

என் அக்கா பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன பிறகும் தெரிந்தவர்கள் அவளைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நிற்க இடமில்லாத பஸ்ஸில் இன்னும் பத்துப் பேரை ஏற்றிவிடுவாள். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தான் இருக்கு" என்று அவள் கத்தினால், நடுவில் எள் போட இடமில்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளும் அரையடி நகர்வான். அவள் கல்யாணமும் அந்த பஸ்ஸிலிருந்துதான் வந்தது. அத்தான் அதே வண்டியின் டிரைவர். அவள் விசில் கொடுக்காமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. வீட்டிலும் அப்படித்தான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அப்போது அவர்கள் இருந்தது மாடி வீட்டில். தெருவைப் பார்க்க வேண்டுமென்றால்கூட இரண்டு ஆளைக் கூப்பிட்டு அவரைத் தூக்கி இறக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் ஊர் ஊராக வண்டி ஓட்டிய மனுஷன் ஒரு மூட்டை மாதிரி தோளில் ஏறி இறங்குவதை அக்காவால் பார்க்க முடியவில்லை.

"யார் கையையும் எதிர்பார்க்காம அவரே வாசல் வரைக்கும் போய் வரணும்டி. அப்படி ஒரு வீடு கெடைச்சாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் என்னிடம்.

கிடைத்தது. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைப்பிரிவில், சரிவாக இறங்கும் ஒரு தெருவின் கடைசி வீடு. தரைத்தளம் மட்டும்தான். கொத்தனாரைப் பிடித்து எல்லா வாசல்படியையும் எடுக்கச் சொன்னாள். கேட்டிலிருந்து கூடம், கூடத்திலிருந்து படுக்கையறை, அங்கிருந்து பின்வாசல் என்று ஒரே மட்டமாக சிமெண்டு போட்டு வழவழவென்று இழைத்துக் கொடுத்தான் அவன். அத்தான் இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்தி, யாரையும் கூப்பிடாமல் பின்வாசல் வரைக்கும் போனார். போன முதல் நாள் அக்கா அழுதுவிட்டாள். நான்கூட அழுதேன், வெங்காயம் நறுக்குகிற சாக்கில்.

பின்வாசலுக்கு அப்பால் கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு. மழைக்குப் பிறகு முழங்கால் தண்ணீர் நிற்கும். வெயில் ஏற ஏற அதுவாகவே வடிந்து சேறாகும். நீர்க்கோழிகள் குஞ்சுகளோடு வரும். "இன்னைக்கு வண்டி லேட்டு" என்பார் அத்தான், கோழிகள் வரத் தாமதமானால்.

அந்தத் தெருவில் சாக்கடை என்று ஒன்று கிடையாது. வீடுகளுக்கு முன்னால் புல் வளர்ந்த, ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று ஓடும். கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் அதில் இறங்கி, பாதி மண்ணுக்குள் போக, மீதி மெதுவாக நகர்ந்து சதுப்பில் சேரும். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிற இடத்தை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், ஒரு பேங்க்காரர், இரண்டாவது கார் வாங்கினார். வாசலில் இருந்த வாய்க்காலை மண் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் போட்டு, அடியில் தண்ணீருக்கு ஒரு குழாய் பதித்தார். அதைப் பார்த்து எதிர்வீடு. அதைப் பார்த்துப் பக்கத்து வீடு. ஆளுக்கு ஒரு கொத்தனார், ஆளுக்கு ஓர் அளவில் குழாய். ஒருவர் பெரியதாகப் போட்டார், அடுத்தவர் அதில் பாதி போட்டார். அக்காவுக்கு முந்தின வீட்டுப் பல் டாக்டர், குளியலறை கட்டியதில் மிச்சமிருந்த குழாயைப் போட்டு வேலையை முடித்தார். ஒரே வாய்க்காலுக்குத் தெருவில் எத்தனை வீடோ அத்தனை தொண்டை. அக்காவிடம் கார் இல்லாததால் அவள் வாசலில் மட்டும் புல் இருந்தது.

அடுத்த மழைக்குத் தெருவெல்லாம் தண்ணீர் கட்டி நின்றது. அக்காவின் வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் கணுக்கால் தண்ணீரில் அத்தானின் நாற்காலி போகாது; அவருக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணும் தெருமுனையோடு திரும்பிப் போனாள். வந்ததே அக்காவுக்குக் கோபம். வீடு வீடாக ஏறி இறங்கினாள். நானும் கூடப் போனேன். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள்.

"என் வீட்டு முன்னாடி மட்டும் எடுத்து என்ன பிரயோஜனம்க்கா? எல்லாரும் எடுத்தா நானும் எடுக்கிறேன்" என்றார் பேங்க்காரர். இதையே ஒவ்வொரு வீட்டிலும் வெவ்வேறு டீயோடு கேட்டுவிட்டு வந்தோம்.

நல்லவர்கள்தான். எனக்கு எரிச்சலே அதுதான். திட்டித் தீர்க்க ஒரு கெட்டவன்கூட அந்தத் தெருவில் கிடைக்கவில்லை.

கடைசியில் அக்காவே வழி சொன்னாள். வாய்க்கால் வேண்டாம், கார் நிற்கிற இடம் நிற்கட்டும், அதற்கு அடியில் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரைக்கும் ஒரே அளவில் கான்கிரீட் வடிகால் கட்டிவிடலாம். "தண்ணி நிக்கிறதுதானே பிரச்சனை? முன்னாடி நகர்த்தி விட்டுட்டா எல்லாருக்கும் எடம் கெடைக்கும்" என்று சங்கக் கூட்டத்தில் அவள் பேசியபோது கை தட்டினார்கள். முப்பது வருஷம் கூட்டத்தை முன்னால் நகர்த்தியே பழகியவள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிவிடுவார்கள் என்பதுதான் அவள் கணக்கு.

அளவெடுக்க வந்த பொறியாளர் சின்ன வயசுப் பெண். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "இந்த எடம் இப்படியே இருக்கிற வரைக்கும் கவலை இல்லைங்கம்மா" என்றாள்.

"அது எங்கம்மா போகப்போகுது?" என்று அக்கா சிரித்தாள்.

வடிகால் வந்தது. வேலைக்காரர்களுக்கு வேளாவேளைக்குத் தண்ணீரும் டீயும் கொண்டுபோய்க் கொடுத்து, தானே மேஸ்திரி மாதிரி நின்று கட்டி வாங்கினாள். அதற்கு அடுத்த வெயில் காலத்தில் லாரிகள் வந்தன. மனைப்பிரிவின் இரண்டாம் கட்டமாம். நாணலைச் சாய்த்து, சதுப்பின்மேல் செம்மண்ணைக் கொட்டிக் கொட்டி உருளை விட்டு அழுத்தினார்கள். அத்தான் பின்வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் கண்ணுக்கு எதிரே இடுப்புயரத்துக்கு மண்தான் நின்றது.

அக்கா கட்டுமானக் கம்பெனிக்குப் போனாள். அனுமதி வாங்கித்தான் செய்கிறோம் என்று வரைபடத்தைக் காட்டினார்கள். அதில் தூரத்தில் ஒரு மூலையில், கட்டைவிரல் அளவுக்கு நீலமாக ஒரு குளம் வரைந்திருந்தது. அது மூன்றாம் கட்டத்தில் வருமாம். அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் போனாள். "உங்க தெரு வடிகாலுக்கு யாரும்மா அனுமதி வாங்கினது?" என்று அங்கே திருப்பிக் கேட்டார்கள். யாரும் வாங்கவில்லை. அக்கா வாயடைத்துப்போய்த் திரும்பி வந்ததை நான் முதல்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஊரைக் கூட்டிக் கைதட்டலோடு செய்திருந்தாள்.

அந்த வருஷத்து முதல் பெருமழை காலையில் பிடித்தது. நான் முந்தின நாளே வந்திருந்தேன். வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தோம். தெருவைப் பார்த்தால் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவு நன்றாக வேலை செய்தது அந்த வடிகால். முன்பு மண்ணில் ஊறி, நின்று, யோசித்து வந்த தண்ணீர், இப்போது எங்கும் நிற்காத எக்ஸ்பிரஸ் வண்டியாகக் கீழே வந்தது. வந்து, செம்மண் மேட்டில் முட்டி, திரும்பியது. எங்கள் மூட்டைகள் ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும்.

வாசல்படி இல்லாத வீடு அல்லவா? நாற்காலி போவதற்காக அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட மட்டத்தில், ஒரு தடையும் இல்லாமல், கூடத்திலிருந்து படுக்கையறைக்குத் தண்ணீர் நேராகப் போனது. அக்கா தரைத்துணியை எடுத்துப் பிழிந்து பிழிந்து வாளியில் ஊற்றினாள். வாளியே மிதக்கத் தொடங்கிய பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. தண்ணீர் கட்டிலின் சட்டத்தைத் தொட்டது. நாங்கள் இரண்டு பேர். அவரைத் தூக்க எங்களால் ஆகவில்லை. நான் வெளியே ஓடி வந்து கத்தினேன்.

தெருவே வந்தது. பேங்க்காரர், பல் டாக்டர், இன்னும் இரண்டு பேர், கதவுப் பலகை ஒன்றில் அத்தானைக் கிடத்தித் தோளில் தூக்கினார்கள். "மெதுவா, வளைவுல மெதுவா" என்று அவர் மேலே இருந்து சொல்லிக்கொண்டே போனார். சிரிக்க வைப்பதற்காகத்தான் சொன்னார். பேங்க்காரர் அழுதுகொண்டிருந்தார். "எங்க வாசல்ல ஒரு சொட்டு நிக்கலைக்கா. எல்லாம் இங்கதான் வருதுன்னு சத்தியமாத் தெரியாது" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அவரை என்ன செய்வது?

அத்தானை என் வீட்டுக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் வடிந்து, சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து முடித்த கையோடு அடுத்த மழையில் மறுபடியும் நிரம்பியது. விற்கலாமென்றால் வாங்க வருகிறவன் சுவரில் படிந்த கறையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவான்.

சங்கம் கூடியது. அக்கா எழுந்து, "ஆளுக்கு ரெண்டு முழம் எடம் விடுங்க. பழையபடி புல்வாய்க்காலைத் தோண்டிடலாம். பாதித் தண்ணி மேலேயே ஊறிடும்" என்றாள். அதட்டிக் கேட்கவில்லை, கெஞ்சினாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. பிறகு பேங்க்காரர்தான், தண்ணீர் தேங்குவதற்கு ஓர் இடம் எப்படியும் வேண்டும் என்றார். தெருவிலேயே பள்ளம் அக்காவின் மனைதான். எல்லாருமாகச் சேர்ந்து நியாயமான விலைக்கு வாங்கி, வீட்டை எடுத்துவிட்டு, அங்கே ஒரு குளம் வெட்டலாம்.

"உங்களுக்கும் நல்லதுதானேக்கா?" என்றார்.

நான் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வெளியே வந்தேன். அக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வேறு யார் வாங்கப்போகிறார்கள்? வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

வீட்டை விற்கச் சம்மதித்ததை அத்தானிடம் அவள் சொல்லவில்லை. வீடு அவர் பேரிலும் இருந்தது. பழுதுபார்க்கும் வேலைக்கான காகிதம் என்று சொல்லி இடது கட்டைவிரலில் மை தடவி ரேகை வாங்கினாள். "சொல்லிடுக்கா" என்று நான் நச்சரித்தேன்.

"தெரிஞ்சா விட்டுருவார்டி. அந்த வீட்டுக்குப் போகணும்னுதான் தினமும் அந்தப் பொண்ணு சொல்ற பயிற்சியெல்லாம் செய்றார்" என்றாள்.

என் வீட்டுக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வாடகைக்குக் குடியேறினார்கள். மூன்றாவது மாடி. அத்தான் ஜன்னலோரத்தில் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகினார். அந்த வீட்டைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் வேலை நடக்கிறது என்பாள் அக்கா.

மறுபடியும் மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்த ஒரு நாள் மத்தியானம் நான் அங்கே இருந்தேன். அக்கா அத்தானுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கையெல்லாம் சோறாக இருந்ததால் என்னை எடுக்கச் சொன்னாள். நான் யாரென்று பார்க்காமல் ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் நீட்டினேன்.

"கண்டக்டரக்கா, நான்தான் பேசுறேன்" என்றது பேங்க்காரரின் குரல். "காலையிலேர்ந்து இந்தப் போடு போடுது, தெருவுல ஒரு சொட்டு நிக்கலைக்கா. குளம் பாதிகூட ரொம்பலை. எல்லாரும் உங்களைத்தான் சொல்லிட்டு இருக்கோம். ரொம்ப நன்றிக்கா."

"நல்லதுங்க. அப்புறம் பேசுறேன்" என்றாள் அக்கா. நான் போனை அணைத்தேன்.

அத்தான் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். அவசரப்படவில்லை.

"எந்தக் குளம்?" என்றார்.

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி மண்ணு கொட்டினாங்களே, அதைத் திரும்பத் தோண்டிட்டாங்களா?" என்று அவர் முகம் மலர்ந்து கேட்டார். "அப்போ நம்ம வீட்டுக்குப் பின்னாடிதான் குளமா?"

"இல்லைங்க" என்றாள் அக்கா. "நம்ம வீடுதான்."

அக்கா அடுத்த கவளத்தை உருட்டி அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாய் திறக்கவில்லை.