எட்டாம் நாள் கைராசி

இங்கிலாந்தில், நான் இருக்கும் லெஸ்டரில், டாக்டர் நோயாளியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்: "இன்றைக்கு என்ன எதிர்பார்த்து வந்தீர்கள்?" முதல் தடவை எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன மருந்து தருவதென்று இந்தம்மாவுக்கே தெரியாதா? ஒரு வாரமாக இருமல், பச்சைச் சளி. பாவம் பார்த்து நானே சொல்லிக் கொடுத்தேன். "கெப்சூல் டாக்டர். ஒரு நாளைக்கு மூன்று, ஐந்து நாளைக்கு." அவர் சிரித்துக்கொண்டே நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். இது வைரஸ் சளி, ஆன்டிபயோட்டிக் வேலை செய்யாது, இருமல் மூன்று வாரம்கூட இழுக்கலாம் என்றார். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், காய்ச்சல் விடாமல் அடித்தால் உடனே வரச்சொல்லி ஒரு தாளைத் தந்தார். மருந்துக்குப் போனவன் தாளோடு திரும்பினேன்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. இலங்கையில், கண்டிப் பக்கம் பிலிமத்தலாவையில் ஒரு டிஸ்பென்சரியில் பதினோரு வருடம் மருந்து கட்டிக் கொடுத்தவன் நான். எங்கள் டாக்டர் ஐயாவுக்குக் கைராசி என்று ஊரெல்லாம் பேச்சு. இப்போது நினைத்தால் சிரிப்புத்தான். சளி, தடிமன் என்றால் நம் சனம் முதலில் கொத்தமல்லி அவித்துக் குடித்துப் பார்க்கும். கேட்காவிட்டால் ஐந்தாம் நாள் ஐயாவிடம் வரும். எப்படியும் எட்டாம் நாள் போகிற தடிமன் போகும், பேர் கெப்சூலுக்கு. ஐந்தாம் நாள் போனால் எந்த டாக்டருக்கும் கைராசிதான். ஐயாவையும் குறை சொல்ல மாட்டேன். வெறுங்கையோடு அனுப்பினால் மறுநாள் எதிர்ப்பக்க டாக்டரிடம் நிற்பார்கள்.

நான் செய்த காரியம்தான் மோசம். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கச்சி ராணிக்கு, வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கெப்சூல் அட்டை இரண்டு கார்ட் கொண்டுபோய்க் கொடுப்பேன். இருமினால் நான்கு போடுவாள், குறைந்ததும் மிச்சத்தை அலுமாரியில் வைப்பாள். போன வருடம் சிறுநீரில் கிருமி ஏறியபோது அவளுக்கு எந்த மாத்திரையும் கேட்கவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் ஊசி. கண்டபடி போட்டால் கிருமி பழகிவிடும், இதுவரை என்னென்ன போட்டிருக்கிறார் என்று வார்ட் டாக்டர் போனில் கேட்டார். பதில் எனக்குத்தான் தெரியும். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

இந்தத் தடவை லீவில் போனபோது ராணிக்கு மறுபடி இருமல்.

"அண்ணே, டவுனுக்குப் போனா அந்தக் கெப்சூல் ரெண்டு கார்ட் வாங்கியாந்துருங்க. நாளைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகணும், பேரு விழுந்தாத்தான் சம்பளம்."

"டாக்டர்கிட்டக் காட்டுவோம், வா."

"நீங்களே பாதி டாக்டருதானே. லண்டனுக்குப் போனதும் கை சுருங்கிப்போச்சா?"

சுருக்கென்றது. ஆனாலும் நான் விடவில்லை. பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். டவுன் டாக்டர் நெஞ்சைப் பார்த்துவிட்டு, கெப்சூல் தேவையில்லை என்றார். திரும்பி வரும்போது ராணி பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். காய்ச்சலுக்கு என் பெட்டியில் இருந்த பரசிட்டமோல் கொடுத்தேன். லெஸ்டர் தாளில் இருந்ததைத் தமிழில் சொல்லி, காலையும் மாலையும் "மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன். "உயிரோடதான் இருக்கேன்" என்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எட்டாம் நாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். சாயங்காலம் பக்கத்து லயத்து வீடுகளின் பெண்கள் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணே, ராணிக்குக் குடுத்த லண்டன் மருந்து நமக்கும் ஒரு கார்ட் தாங்க."

"இது கடையில விக்கிற காய்ச்சல் மாத்திரைம்மா. தடிமன் தானாப் போச்சு."

ஒருத்தியும் நம்பவில்லை. உள்ளேயிருந்து ராணி சொன்னாள்: "அண்ணனுக்குக் கைராசி. சொல்ல மாட்டாரு."

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப்போல் சூட்கேஸில் கெப்சூல் கட்டிக்கொண்டு கடல் தாண்டியவர்களுக்கும் ஒன்று சொல்வேன். டாக்டர் வேண்டுமென்று எழுதினால் சொன்னபடி போடுங்கள். வேண்டாம் என்றால் அதுவும் வைத்தியம்தான்.

நேற்று ராணி போன் எடுத்தாள். குரல் கம்மியிருந்தது. கெப்சூல் இருந்த அலுமாரியில் இப்போது நான் விட்டுவந்த லண்டன் பரசிட்டமோல் பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறாளாம். என் லெஸ்டர் அடுப்பில் அவள் கட்டித் தந்த கொத்தமல்லி கொதித்துக்கொண்டிருந்தது.

"தடிமன் அண்ணே. ஒண்ணும் போடல. இன்னைக்கு மூணாம் நாளு."

"எனக்கும்தான் ராணி. அஞ்சாம் நாள்."