முனிக்கு நேர்ந்த முதல் முட்டை

பஞ்சாலை வளர்த்த பெட்டைகள் குஞ்சாக வந்து எட்டு மாதமாகியும் முட்டையிட மாட்டேன் என்று அடம் பிடித்தன. அந்த 1951ஆம் வருஷம் மலாயாவில் பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் எதுவும் காலாகாலத்தில் நடக்கவில்லை. கோழிகளை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? ஆனாலும் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் விடவில்லை. "என்னா பஞ்சாலை, ஒன் கோழியெல்லாம் விரதமா லா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

மற்றவர்களுக்கு முட்டை என்றால் குழம்பு. அவளுக்கு அது புருஷன் வீடு திரும்புகிற காரியம்.

புருஷன் நல்லசாமி மரம் வெட்டுகிறவன், ரப்பர் மரத்தில் பட்டை கீறிப் பால் எடுக்கிறவன். அவன் வெட்டும் நிரையில் ஒரு மரத்தடியில் பிஸ்கட் டின் நிறைய அரிசி புதைத்திருந்ததைப் பட்டாளத்துக்காரர்கள் தோண்டியெடுத்தார்கள். காட்டுக்குள் இருந்து சர்க்காரோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அவன்தான் வைத்தான் என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வழியாகப் போகிற எவனும் வைத்திருக்கலாம். யார் கேட்டது? தடுப்பு முகாமில் கிடந்தான். கமிட்டி ஒன்று உட்கார்ந்து அவன் கேஸைப் பார்க்கும், விட்டாலும் விடும் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் சொன்னார். அவ்வளவுதான் அவருக்கும் தெரியும்.

அவனைக் கொண்டுபோன மறு வாரம் பஞ்சாலை பகாவ் பாசாரில் ஆறு குஞ்சுகள் வாங்கி வந்தாள். பெட்டை முதன்முதலாக இடும் முட்டையை அந்த லயத்தில் யாரும் வாயில் வைப்பதில்லை. அது முனியாண்டிக்கு. "மொத முட்டை ஒனக்கு, எம் புருஷன எனக்குக் குடுத்துடு" என்று அவர் முன்னால் நின்று நேர்ந்துகொண்டாள்.

அப்புறம்தான், காட்டுக்குச் சோறு போகாமலிருக்க, சர்க்கார் லயத்தையே பெயர்த்தது. அங்கங்கே கிடந்த குடும்பங்களையெல்லாம் ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோர் பக்கத்தில் கொண்டுவந்து குவித்து, சுற்றிலும் முள்கம்பி அடித்து, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காலை ஆறு மணிக்குக் கேட் திறந்தால், உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வேலைக்கு விடுவார்கள். ஒரு பிடி சோறு, ஒரு துண்டு மரவள்ளி, எதுவும் வெளியே போகக் கூடாது. எல்லாரும் உள்ளே வந்தாயிற்று. முனியாண்டி மட்டும் பழைய லயத்து ஆலமரத்தடியில் தனியாக நின்றுவிட்டார். அவரை எந்த லோரியிலும் ஏற்றவில்லை.

இடம் மாறிய அலைச்சலில் இரண்டு குஞ்சுகள் செத்தன. மீதி நான்குக்கும் என்னத்தைப் போடுவது? பங்கீட்டு அரிசி மனிதர் வாய்க்கே எட்டவில்லை. தேங்காய்ச் சக்கை, மரவள்ளித் தோல், பட்ட கட்டையிலிருந்து பெயர்த்து வரும் கறையான் என்று போட்டாள். அந்தக் கறையானையும் கேட்டில் குச்சியால் கிண்டிப் பார்த்தார்கள். காட்டோரம் துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் கோழிகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மரத்தில் பால் பிடிக்கும், விளிம்பு உடைந்த வெள்ளை மங்கு ஒன்றைக் கூண்டுக்குள் வைக்கோல்மேல் முட்டைபோலக் கவிழ்த்து வைத்தாள், அதைப் பார்த்தாவது புத்தி வரட்டும் என்று. ஒரு கோழி அதன்மேல் எச்சமிட்டது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் செவலைப் பெட்டை கேற ஆரம்பித்தது. கொண்டை சிவந்திருந்தது, முதுகில் கை வைத்தால் பம்மி உட்கார்ந்தது. பஞ்சாலை கூண்டை விட்டு நகரவில்லை. பொழுது சாய்வதற்குள், சின்னதாக, ஒரு ரத்தக் கீற்றோடு முட்டை விழுந்தது. சூடு ஆறாத அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கேட்டைக் காக்கும் சார்ஜன்டிடம் சொல்லிவிட்டு எடுத்துப்போகலாமே என்பீர்கள். தடுப்பு முகாமில் இருப்பவனின் பெண்டாட்டி, தின்கிற பொருளை மரத்தடியில் வைக்கப் போகிறேன் என்று எந்த வாயால் கேட்பாள்? புருஷனும் இப்படித்தான் வைத்தான் என்று கமிட்டிக்கு எழுதிவிட மாட்டார்களா?

மறுநாள் காலை முட்டையைக் கொண்டைக்குள் சொருகி, மேலே தலைத்துணியை இறுகக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். பெண்களைச் சோதிப்பவள் ராக்கம்மா, அடுத்த வீட்டுக்காரி. தெரிந்தவள்தானே, தலைவரை போக மாட்டாள் என்று நம்பியதுதான் பிசகு. போன வாரம் யாரோ கொண்டையில் உப்பு கடத்தி அகப்பட்டிருந்தார்கள். கேன்வாஸ் மறைப்புக்குள் ராக்கம்மாவின் கை நேராகத் தலைத்துணிக்குப் போய் நின்றது.

"என்னாடி இது?"

"முனிக்குக்கா. மொத முட்டை."

ராக்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "வெளிய இன்னொருக்கா பாக்குறாங்கடி இன்னிக்கு. நீயும் ஜெயிலுக்குப் போவ, நானும் போவேன். ஒம் புருஷன் வெளிய வரவே மாட்டான். கீழ போட்டு ஒடைச்சிரு."

"சாமி முட்டைய மிதிக்கச் சொல்றியாக்கா?"

"என்ன அங்கே இவ்வளவு நேரம்?" என்று வெளியே சார்ஜன்ட் மலாயில் சத்தம் போட்டான். பூட்ஸ் நெருங்கி வந்தது.

பஞ்சாலை முட்டையை எடுத்தாள். கையிலிருந்த பால் வாளியின் விளிம்பில் தட்டி, அண்ணாந்து, ஒரே மடக்கில் குடித்துவிட்டாள். முட்டையோட்டை ராக்கம்மா பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டு நொறுக்கினாள். மறைப்பு விலகியபோது இரண்டு பெண்கள் சும்மா நின்றிருந்தார்கள்.

அன்றைக்கு எத்தனை மரம் வெட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சாமி சொத்தைத் தின்றுவிட்டோமே என்பதே நினைப்பாக இருந்தது. வேலை முடிந்து ஆலமரத்தடியில் போய் விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தாள்.

மூன்று வாரம் கழித்து, முகாமிலிருந்து கடிதம் வந்திருப்பதாகக் கிராணி ஆளனுப்பினார். ராக்கம்மாவும் கூடப் போனாள். இங்கிலீஷ் கடிதத்தை ஒருமுறை தனக்குள் படித்துவிட்டுக் கிராணி தொண்டையைச் செருமினார்.

"விடல, பஞ்சாலை. கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்களாம். நாகப்பட்டணத்துக்கு."

"நாந்தான்! நாந்தாங்கய்யா தின்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கிராணிக்கு ஒன்றும் புரியவில்லை.

ராக்கம்மா அவள் கையைப் பிடித்தாள். "ஐயா, கப்பல் என்னிக்குப் போச்சுன்னு போட்டிருக்கா?"

கிராணி தேதியைச் சொன்னார். ராக்கம்மா விரல் விட்டு எண்ணினாள். "இங்க பாரு புள்ள. கப்பல் வெள்ளிக்கெழமையே போயிருச்சு. நீ குடிச்சது அதுக்கப்புறம் செவ்வாக்கெழம. ஒன் கோழி முட்டை போடுறதுக்கு முன்னாடியே அவன் கடல்ல இருக்கான். ஒன் மேல குத்தமில்ல."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம். குற்றம் தன்மேல் இருந்தவரை பஞ்சாலைக்கு ஒரு வழி இருந்தது: முனியின் காலில் விழலாம், அபராதம் கட்டிப் பொங்கலிட்டு மறுபடி கேட்கலாம். இப்போது அதுவும் இல்லை. இவள் கூண்டருகே உட்கார்ந்து கோழியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதே, முன்பின் தெரியாத யாரோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருக்கிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அவரு கைப்புள்ளையா இந்த நாட்டுக்கு வந்தவரு ஐயா. பகாவத் தாண்டித் தனியாப் போனதில்ல" என்றாள். "அந்த ஊருல எறங்கி, யாரு வீட்டுக்குன்னு வழி கேப்பாரு?"

கிராணி கடிதத்தை மடித்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர்போல அதைக் கையிலேயே வைத்திருந்தார்.