புரிக்குழல் தந்த தைரியம்

ஆர்லிஸ் பன்றி வளர்ப்பவள். முரட்டுப் பன்றி குறுக்கே வந்தால் முழங்காலால் இடித்துத் தள்ளிவிட்டு, கையிலிருக்கும் வாளியைக் கீழே வைக்காமல் நடப்பாள். அயோவாவின் அந்த வட்டாரத்தில் அவள் வாய்க்கு அஞ்சாதவர் இல்லை. அவள் அஞ்சியது டிசம்பர் மான் வேட்டைக்கு மட்டும்தான். கணவன் கேலனுக்குக் காது மந்தம். பின்னாலிருந்து கத்தினாலும் திரும்ப மாட்டான்.

வேட்டையில் பாதிப் பேர் ஓடைப் புதருக்குள் நடந்து மானைக் கிளப்புவார்கள். மீதிப் பேர் எதிர்முனை மேட்டில் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். மான் நடுவிலிருக்கும் வேலியைத் தாண்டிக் கிட்டே வந்தால்தான் சுடலாம். அப்போதுதான் மேட்டிலிருந்து கீழ்நோக்கிப் போகும் தோட்டா தரையில் இறங்கும். அந்த விதியை யாரும் மீறியதில்லை. யோக்கியர்கள் என்பதால் அல்ல. எல்லோரிடமும் இருந்தது வழவழப்பான ஷாட்கன் குழல், அதன் நுனியில் திருகிய, தோட்டாவைச் சுழற்றி நேராக அனுப்பும் புரிவரி போட்ட சின்னக் குழாய். வேலிக்கு அப்பால் சுட்டால் தோட்டா எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது.

அந்த வருஷம் அவள் தம்பி வெர்லின் புதுக் குழல் வாங்கி, மேலே தொலைநோக்கியும் மாட்டிக்கொண்டு வந்தான்.

"உன்னுதுல விரல் நீளத்துக்குத்தான் புரி, அக்கா. தோட்டா சுத்த ஆரம்பிக்கறதுக்குள்ள வெளிய வந்துடும். என்னுது அடியிலேருந்து நுனி வரைக்கும் புரி. நூத்தம்பது கஜத்துல காப்பிக் கோப்பையைத் தூக்கிடுவேன்."

"கோப்பையைத் தூக்கு, யாரு வேணாம்னா? மான் வேலி தாண்டினப்புறம் சுடு. உள்ள கேலன் வர்றான்."

"பன்னிங்ககிட்டயும் இப்படித்தான் நொச்சு நொச்சுன்னு பேசுவியா?"

"பன்னிங்க சொன்னா கேக்கும்."

வேட்டைக்குக் கூடியிருந்த கொட்டகையே சிரித்தது. வெர்லினும் சிரித்து, சரி என்று தலையாட்டினான்.

பெரிய கொம்பு மான் ஒன்று கிளம்பி ஓடியது. வேலிக்கு வெகுதூரம் அப்பாலேயே, மேட்டுக்கு விலாவைக் காட்டி நின்றது. அதற்கு நேர் பின்னால் கேலன் புதரை விலக்கி வெளியே வந்தான். ஆள் தெரிவதற்காக வேட்டையில் போடும் ஆரஞ்சுச் சட்டை பளிச்சென்று தெரிந்தது. அவனுக்குப் பின்னால் நடந்து வந்த ஆர்லிஸ் தொண்டை கிழியக் கத்தினாள். கேலன் திரும்பவில்லை. மேட்டில் துப்பாக்கி வெடித்தது.

மான் மடங்கி விழுந்து காலை உதைத்தது. அதன் விலாவைத் துளைத்து வந்த தோட்டா கேலனின் தொடையைப் பிய்த்திருந்தது. ரத்தம் பீறிட்டுப் பனியில் ஆவி பறந்தது. ஆர்லிஸ் பெல்ட்டை உருவிக் கட்டினாள். காயத்துக்குள் கைமுட்டியை வைத்து அழுத்தினாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு பார்வை நின்றுவிட்டது.

மானை வீழ்த்திய குஷியில் வெர்லின் கூவிக்கொண்டே ஓடி வந்தான். கிட்டே வந்ததும் வாய் குழறியது.

"நான் மானைத்தான் பாத்தேன், அக்கா. குறி தப்பவே இல்ல."

அவள் எழுந்து, தன் துப்பாக்கியின் அடிக்கட்டையால் அவன் வாயிலேயே அடித்தாள். பல் தெறித்தது. விழுந்தவனை மறுபடியும் அடித்தாள். மற்றவர்கள் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

போலீஸ்காரர் அவள் அருகில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். "இந்த மாதிரி நடந்துடுதும்மா. கை தவறிப் பட்டதுதானே?"

வெர்லின் கிழிந்த வாயைப் பொத்தியபடி அவளையே பார்த்தான். ஒரே தம்பி. அவள் தூக்கி வளர்த்தவன்.

"தவறல," என்றாள் ஆர்லிஸ். "வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் வர்றது தெரிஞ்சுதான் சுட்டான். எழுதிக்கோங்க."