பாலும் கோதுமையும் ஆகாத வீடு

"கோதுமையும் பாலும் இந்தக் குழந்தைக்கு ஆகாது. ரெண்டையும் அடியோட நிறுத்திடுங்க" என்று சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது, இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் பஸ்ஸில் அலைந்து ஓய்ந்திருந்தேன். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பல். எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாமல் பேதியாகப் போய்க்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் நாலு வயதா என்று கேட்டார்கள். வியாதிக்கு டாக்டர் ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. ஆகாததைத் தொடர்ந்து தின்றால் பிள்ளை வளராது, உடம்பு தாங்காது என்றது மட்டும் நன்றாகப் புரிந்தது.

எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கம் கோதுமையை யார் தின்றார்கள்? சோளம், கம்பு, ராகி, ஒருவேளை நெல்லுச்சோறு. கோதுமை இல்லாத சமையல் நமக்குக் கைவந்ததுதானே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்த பிறகுதான் அது எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது என்று தெரிந்தது. விருந்தாளி வந்தால் அவசரத்துக்குக் கிண்டும் ரவை உப்புமா, நோம்பிக்குத் தட்டும் ஒப்புட்டு என்கிற மைதாப் போளி, சேமியாப் பாயசம், காய்ச்சல் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் பன்னும் பிஸ்கட்டும். பள்ளிக்கூடத்தில் மதியம் போட்டதோ கோதுமை உப்புமா, கூடவே பால்பவுடர் கரைத்த பால். ஆகாத இரண்டையும் தேடிப் பிடித்து வைத்த மாதிரி இருந்தது. என் பிள்ளைக்கு அதைப் போட வேண்டாம் என்று வாத்தியாரிடம் கெஞ்சினேன். "சும்மா குடுக்கறதயே வேண்டாங்கறீங்களே" என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பால் அதைவிடக் கஷ்டம். எருமை கட்டும் கட்டுத்தரையில் இரண்டு உருப்படி நின்றன. கணவர் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போய்விடுவார். கறப்பது, சொசைட்டிக்கு ஊற்றுவது, தயிர் கடைவது, வெண்ணெய் உருக்குவது எல்லாம் நான்தான். "ஊட்டுல ரெண்டு எருமையக் கட்டிவெச்சுக்கிட்டு, பெத்த பிள்ளைக்கு ஒரு டம்ளர் மோரு ஊத்தாதவ" என்று என் காதுபடவே பேசினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததுதான் மிச்சம். பிறகு சொல்வதையே விட்டுவிட்டேன்.

முதலில் அவளுக்குத் தனியாகச் சமைத்தேன். தனிச் சட்டி, தனிக் கரண்டி. ஆனால் கை ஓய்ந்த நேரத்தில் தயிரில் விட்ட கரண்டியை அவள் குழம்பில் விட்டுவிடுவேன், அவ்வளவையும் கீழே கொட்ட வேண்டிவரும். அதைவிடப் பெரிய கொடுமை, நாங்கள் மோர் ஊற்றிக் களி கரைத்துக் குடிக்கும்போது அவள் எங்கள் வட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பது. ஒருநாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இனி இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டி, அவள் தின்பதைத்தான் எல்லாரும் தின்ன வேண்டும், பால் சமையல்கட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "எனக்கென்ன வியாதியா?" என்று கணவர் கத்தினார். "இல்லீங். ஆனா சமைக்கறவ ஒருத்திதான்" என்றேன். அதற்கப்புறம் அவர் காப்பியைக் கட்டுத்தரையில் எருமைக்குப் பக்கத்தில் நின்றே குடித்தார். பல வருசம் அப்படித்தான் குடித்தார்.

சொல்லிவிட்டேனே தவிர, மூன்று வேளையும் யோசித்துச் சமைப்பது சாதாரணமில்லை. அரிசியும்பருப்புச் சோற்றுக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். களிக்குக் கொள்ளுரசம், இல்லாவிட்டால் பச்சைப்பயறு கடைசல். சேமியா கேட்டு அழுதால் அரிசியை ஆட்டி வேகவைத்துச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிக் கொடுப்பேன். பிழிந்து முடிக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும். அரிசி மாவில் ஒப்புட்டுத் தட்டிப் பார்த்தேன். கல்லோடு ஒட்டிக்கொண்டு, கரண்டியால் சுரண்டத்தான் வந்தது. கோழிப்பண்ணை முட்டைதான் காப்பாற்றிய சாமி. வயிற்றுவலிக்காரப் பிள்ளை என்பதால் எதைச் செய்தாலும் பெருங்காயத்தைத் தாராளமாகவே விட்டேன். குழம்பு, ரசம், கடைசல் எல்லாவற்றிலும் பெருங்காயம். வலி அதிகமானால் வெந்நீரிலும் கரைத்துக் கொடுப்பேன். எங்கள் பக்கம் வயிற்றுக்கு முதல் வைத்தியம் அதுதான்.

இத்தனை செய்தும் பிள்ளை தேறவில்லை. கொஞ்சம் நிற்கும், மறுபடி பேதியாகும். சேலத்துக்குப் போனால் டாக்டர் தராசில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "யாரோ குடுக்கறீங்கம்மா. வீட்ல ஒழுங்கா இருந்தா இப்படி ஆகாது" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். "இன்னும் இப்படியே போனா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் தள்ளி உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைத்தான் சந்தேகப்படுகிறார் என்று புரிந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பு. மடியில் கிடந்த பிள்ளைக்கு ஒரு துணிமூட்டையின் கனம்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆட்டையாம்பட்டியில் இருந்த கணவரின் அக்கா, எனக்கு நங்கையா, வந்தார். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. ஒரு தூக்குப்போசி நிறைய முறுக்கு சுட்டுக்கொண்டு வந்திருந்தார். "பயப்படாத அம்மணி. அரிசிமாவும் உளுந்தும்தான். ஒரு பொட்டு வெண்ணெ போடுல. எண்ணெச் சட்டியக்கோட புதுசா வாங்கிச் சுட்டேன்" என்றார். மகள் ஆசையாகத் தின்றாள். மறுநாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். கணவர் அக்காவைப் பார்த்து, "பழக்கத்துல வெண்ணெய அள்ளிப் போட்டிருப்பே" என்று கத்த, அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நான் நங்கையாவை நம்பினேன். அவர் பிடிவாதக்காரி, போடவில்லை என்றால் போடவில்லைதான். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நங்கையா, மாவப் பெசயறப்ப என்னென்ன போட்டீங்க?" என்று கேட்டேன். அரிசிமாவு, உளுந்துமாவு, எள்ளு, உப்பு, பெருங்காயத் தண்ணி என்று சொன்னார். எதிலும் குற்றம் தெரியவில்லை. அன்றைக்கு இருவரும் சாப்பிடாமலே இருந்தோம்.

அதற்குப் பின் சில நாள் மகளுக்கு வெறும் கஞ்சியும் உப்பும்தான். சமைக்கிற தெம்பும் எனக்கில்லை. அடுப்புமேடையை ஒதுக்கிக் கழுவலாம் என்று ஒருநாள் காலையில் உட்கார்ந்தபோது ஒரு டம்ளர் கிடைத்தது. ரசத்துக்காகப் பெருங்காயக் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறந்திருக்கிறேன். நல்ல நாளாயிருந்தால் அன்றைக்கே கழுவியிருப்பேன். விரலை விட்டுத் தேய்த்தேன். அடியில் வெள்ளையாக, கொழகொழவென்று விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சினிமா போஸ்டர் ஒட்டுகிறவன் வாளியில் வைத்திருப்பானே, அந்த மைதாப் பசையேதான். முறுக்கிலும் பெருங்காயம் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

டம்ளரை முந்தானையில் மூடிக்கொண்டு கடைவீதிக்கு நடந்தேன். மளிகைக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஆமாங்க, மாவு கலந்துதாங்க வரும். மைதாவோ கோதுமையோ சேக்காம எப்படீங்க கட்டி புடிக்கும்? அத்தனை கடையிலயும் இதேதானுங்க" என்றார். வெய்யிலில் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. வலி கூடக் கூட நான் மருந்தைக் கூட்டியிருக்கிறேன், மருந்து கூடக் கூட வலி கூடியிருக்கிறது. டாக்டர் ரவையைச் சொன்னார், ரொட்டியைச் சொன்னார், பெருங்காயத்தைச் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், என்னையும் சொல்லிக்கொள்ள மாட்டேன். அது யாருக்குத் தோன்றும்?

அன்றிலிருந்து வீட்டில் பெருங்காயம் கிடையாது. பூண்டு, சீரகம், இஞ்சி அவ்வளவுதான். ரசம் மணக்கவில்லை என்று கணவர் சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் அக்காவுக்கு ஆள் விட்டு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்து, வாசலில் கால் வைக்கும்போதே, "எந்தம்பி எங்க? என்னைய என்ன பேச்சுப் பேசினான்!" என்று ஆரம்பித்தவர், பிள்ளையைக் கண்டதும் அதை மறந்துவிட்டார். நாலைந்து வாரத்தில் பேதி நின்றது. வயிற்று உப்பல் வற்றியது. ஆனால் சாப்பாடு மட்டும் பழையபடி நாலு வாய்தான். எத்தனையோ காலமாக அவள் பசி என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. நானாகப் பிசைந்து, மிரட்டி, கதை சொல்லி ஊட்டினால்தான் உண்டு.

ஒரு மத்தியானம். சொசைட்டிக்குப் பால் ஊற்றி, எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டு, சமைத்து முடித்துவிட்டு, அவளுக்கு வட்டிலில் கொள்ளுப்பருப்புச் சோறு போட்டுக் கொடுத்தேன். வாங்கித் தின்றாள். இன்னும் கொஞ்சம் என்றாள், போட்டேன். மறுபடி கேட்டாள், எனக்கென்று வைத்திருந்ததையும் வழித்துப் போட்டேன். காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தேன், கண் சொருகியது. விரலைச் சப்பிக்கொண்டே காலிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னும் பசிக்குதும்மா" என்றாள்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஏனென்றே தெரியாமல் அழுகை வேறு வந்து தொலைத்தது. அவள் பயந்துபோய், "வேண்டாம்மா, போதும்மா" என்றாள்.

"போதுங்காத சாமி, எப்பவும் போதுங்காத" என்று சொல்லிச் சுவரைப் பிடித்து எழுந்து, மறுபடி உலை வைத்தேன்.