தோற்றவர் ஏறிய குதிரைவண்டி

எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் என் மூலமாகத்தான் கதைத்துக்கொள்வார்கள். "பிள்ளை, கொம்மானிட்டை கேள், கார் வேணுமோ எண்டு" என்பார் அப்பா. மாமா அதே அறையில், அதே சோபாவின் மற்றக் கரையில்தான் இருப்பார். நான் எழுந்து போய்க் கேட்பேன். "கொப்பரிட்டை சொல்லு, வேண்டாம், நான் பஸ்ஸில போறன்" என்பார் மாமா. திரும்பி வந்து சொல்வேன். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே கேட்டுவிட்ட செய்திதான். ஆனாலும் நான் ஒப்புவித்து முடிக்கும்வரை அந்தப் பெரிய மனிதர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். எல்லா வீடுகளிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். உங்கள் வீட்டில் இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று பள்ளித் தோழி ஒருத்தியிடம் கேட்டும் இருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. லண்டனில், ஹவுன்ஸ்லோ பக்கம், விமானங்கள் தாழப் பறந்து இறங்கும் ஒரு தெருவில் இருந்தோம். விமானம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனபின் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவது எங்கள் தெருவின் பழக்கம். இன்றைக்கு அந்த நாட்களை நினைத்தாலும் எல்லாமே அப்படிப் பாதியில் நின்றுபோய்த் திரும்பவும் தொடங்குவதாகவே தோன்றுகிறது. நவம்பர் மாதத்துப் பனிப்புகார், அதற்குள் மெல்ல மெல்லக் கீழே வரும் விளக்குகள், அம்மா அவித்த இடியப்பத்தின் ஆவி படிந்த சமையலறைக் கண்ணாடி. அந்த ஆவியில் விரலால் படம் கீறுவேன். அது கரைந்து ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

மாமா அம்மாவின் தம்பி. மன்னார்க்காரர், கல்யாணம் செய்யாதவர், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. அப்பா யாழ்ப்பாணம். பெற்றோல் நிலையமொன்றில் வேலை. இருவருடைய ஷிப்டும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொள்வது அம்மாவின் பெரிய சாமர்த்தியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளால் ஒன்றும் செய்யமுடியாது. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தால் எல்லோரும் ஒரே மேசையில்தான் சாப்பிட வேண்டும்.

வரவேற்பறையில் இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் பெரிய மாமாவின் படம் தொங்கியது. அவர் அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். ஊரில் காய்ச்சலில் செத்துப்போனவர் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். படத்தின் கீழே ஒரு குட்டிச் சிவப்பு மின்விளக்கு எரியும். அது அணைந்துபோனால் புதிது வாங்கி வந்து பூட்டுவது அப்பாதான். மாமா வேலைக்குப் போனபின்தான் அதைச் செய்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த வருடம் மாமா விம்பிள்டனில் ஓர் அறை பார்த்துவிட்டார். படிக்குக் கீழே அவருடைய பெட்டி வந்து நின்றது. எனக்கு அது பெரிய கவலை. விமானம் இறங்குவதைப் பார்க்க என்னை வேலியோரம் கூட்டிப்போவது மாமாதான், ஒவ்வொரு விமானமும் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று புளுகுவதும் மாமாதான். அம்மாவுக்கோ வேறு கவலை. "இப்பிடி மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்கொண்டு போனானெண்டால், பிறகு இந்த வாசலுக்கு வரமாட்டான்" என்று வெங்காயம் வெட்டியபடி சொன்னாள். அழுகைக்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அமெரிக்காவில் தேர்தல் வந்தது. எங்கள் வகுப்பு ஆசிரியைக்கு அதில் பெரும் பித்து. சுவரில் ஒரு பக்கம் ஒரு கட்சியின் சின்னமான யானை, மறுபக்கம் மற்றக் கட்சியின் கழுதை, நடுவில் வெள்ளை மாளிகை என்று ஒட்டிவைத்து, ஒரு கிழமையாக எங்களை அமெரிக்காவிலேயே குடியிருத்தினார். கடைசியில் வீட்டுப்பாடம் தந்தார்: உங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டாக்கி, ஒரு தேர்தல் நடத்திவிட்டு வந்து சொல்லுங்கள்.

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. இரண்டு கட்சிகள் எங்கள் வீட்டில் தயாராக இருந்தன.

யாருக்கு எந்த மிருகம் என்பதுதான் சிக்கல். எங்கள் ஆட்களிடம் போய் "நீங்கள் கழுதை" என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா? பயந்து பயந்து மாமாவிடம் கேட்டேன். அவருக்கோ ஒரே சந்தோசம். மன்னாரில் கழுதைகள் தெருவுக்கு ராசா என்றார். கொள்கையும் நானே எழுதிக் கொடுத்தேன். யானை பெரிய பிராணி, அதற்குப் பெரிய வீடு வேண்டும். ஆகவே யானைக் கட்சியின் கொள்கை, எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கவேண்டும் என்பது. கழுதை எங்கேயும் நின்று மேயும். ஆகவே கழுதைக் கட்சியின் கொள்கை, அவரவர் தங்கள் தங்கள் இடத்துக்குப் போகலாம் என்பது. இப்படியாக மாமா இந்த வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று பேசும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்தது. சத்தியமாக நான் யானையின் உடம்பை மட்டும்தான் யோசித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்தது. கோழிக்கறித் தட்டுகளை அம்மா எடுத்துக்கொண்டு போக, நான் கதிரையில் ஏறி நின்று, ஆசிரியை எங்களுக்குச் சொன்னதைத் தமிழும் இங்கிலீசுமாகக் கலந்து அடித்தேன்.

அமெரிக்காவின் முதலாவது சனாதிபதிக்குக் கட்சி என்றாலே பிடிக்காது. கட்சி வந்தால் நாடு உடையும் என்று பயந்தார். ஆனால் அவருடைய இரண்டு மந்திரிமார் அவருடைய மேசையிலேயே இருந்து சண்டை பிடித்தார்கள். ஒருவருக்கு நாடு முழுதையும் இழுத்துக் கட்டும் பலமான அரசாங்கம் வேண்டும். மற்றவருக்கு அந்தந்த மாநிலம் தன் பாட்டைத் தானே பார்க்கவேண்டும். அவர்கள் பின்னால் ஆட்கள் சேர, இரண்டு கட்சி பிறந்தது. பிறகு அந்தக் கட்சிகள் செத்து, வேறு கட்சிகள் முளைத்து, உடைந்து, ஒட்டி, ஒன்றின் கொள்கையை மற்றது எடுத்துப் போட்டுக்கொண்டு, எவ்வளவோ காலம் கழித்து யானையும் கழுதையுமாக வந்து நின்றன. இரண்டாவது சனாதிபதி அடுத்த தேர்தலில் மற்றக் கட்சியிடம் தோற்றுப்போனார். ஒரு கட்சி தோற்று மற்றக் கட்சியிடம் நாட்டைக் கொடுத்தது அதுதான் முதல் தரம்.

"தோத்தவரை என்ன செய்தவை?" அப்பா கேட்டார்.

"ஒண்டும் செய்யேல்லை. அவருக்குச் சரியான கோவம். வெண்டவர் பதவி எடுக்கிறதைப் பார்க்க நிக்கேல்லை. விடியமுன்னம் குதிரைவண்டியில ஏறி வீட்டை போயிட்டார்."

மாமா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "வழியில ஒருத்தரும் மறிக்கேல்லையோ?"

"ஏன் மறிக்கவேணும்?" என்றேன்.

அப்போது ஒரு விமானம் வந்தது. வழக்கம்போல எல்லோரும் பேசாமல் இருந்தோம். விமானம் போய்விட்டது. ஆனால் ஒருவரும் தொடங்கவில்லை. கையில் தட்டுகளோடு அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அப்பா மேசைத் துணியின் பூவைத் தடவிக்கொண்டிருந்தார். என் பேச்சு இவர்களுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவசரமாகப் பிரசாரத்தை ஆரம்பித்துவைத்தேன்.

"இண்டைக்கு நான் செய்தி கொண்டுபோகமாட்டன்" என்று அறிவித்தேன். "நான் தேர்தல் அதிகாரி. ஆளையாள் பார்த்துத்தான் கதைக்கவேணும். அதுதான் சட்டம்."

மாமா காகித அட்டையில் செய்த காதுகளை மாட்டிக்கொண்டு எழுந்தார். மன்னாரில் கழுதை றோட்டில் படுத்தால் பஸ்கூட நின்றுதான் போகும் என்றும், அப்படிப்பட்ட பிராணிக்குச் சொந்தமாக ஓர் அறை எடுக்கும் உரிமை இருக்கிறது என்றும் பேசினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அப்பா. நான் செய்து கொடுத்த அட்டைத் தும்பிக்கை அவருடைய மூக்கில் நிற்காமல் வழுக்கியது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாமாவின் முகத்தைப் பார்த்தார். அப்படிப் பார்த்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"இந்த வீட்டில உமக்கு எப்பவும் இடம் இருக்கு. நீர் போகவேணுமெண்டால் போகலாம். ஆனால் என்னாலை போறீர் எண்டு மட்டும் இருக்கக்கூடாது." அவ்வளவுதான். மற்றவர்களுடைய அப்பாமார் நன்றாகப் பேசியிருப்பார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சீட்டுகளை றைஸ் குக்கரின் உள்பானையில் போட்டோம். யானை வென்றது. நான் யானைக்குத்தான் போட்டேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் தேர்தல் அதோடு முடிவதில்லை. இந்தக் காலத்தில் தோற்றவர் வென்றவரைக் கூப்பிட்டு வாழ்த்தவேண்டும், அதுதான் வழக்கம், அப்போதுதான் அடுத்த முறையும் போட்டி நடக்கும் என்று ஆசிரியை அழுத்திச் சொல்லியிருந்தார். "மாமா, கை குடுங்கோ" என்றேன். மாமா அசையவில்லை. "குடுக்காட்டில் எனக்கு மார்க்ஸ் தரமாட்டினம்" என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

மாமா ஒருமுறை நிமிர்ந்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு, காதுகளைக் கழற்றாமலே, மேசைக்கு மேலால் கையை நீட்டினார்.

"வாழ்த்துகள், அத்தான்."

அத்தான் என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்தார், விடவில்லை. சமையலறையில் அம்மா தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு அழுதாள். அவள் கழுதைக்குப் போட்டிருப்பாள், தோற்றுப்போனதில் கவலை என்று நான் முடிவுகட்டினேன்.

இவ்வளவுக்கும் பிறகு மாமா போகத்தான் போனார். அடுத்த சனிக்கிழமை விடியமுன்னம் காரின் சத்தத்தில் விழித்தேன். யன்னலால் பார்த்தால் தெரு முழுதும் புகார். அப்பா கார்க் கண்ணாடியிலிருந்து உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மாமாவின் பெட்டியை அவரே தூக்கி வைத்தார். இருவரும் முன் இருக்கைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான் பாதி நித்திரையில் இருந்தேன். எனக்கு அது குதிரைவண்டியாகவே தெரிந்தது. விளக்குகள் புகாருக்குள் போய்ச் சின்னதாகி மறைந்தன. ஒருவரும் மறிக்கவில்லை.

நான் கத்தி அழுதேன். யானை வென்றும் மாமா போவதென்றால் பிறகு எதற்குத் தேர்தல் என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "போனால் என்ன, வருவான்" என்றாள் அம்மா. குரலில் வெங்காயம் இல்லை.

பல வருடம் கழித்து, நான் பல்கலைக்கழகம் போகும் காலத்தில், அம்மா ஒருநாள் சொன்னாள். சண்டைக் காலத்தில் ஊரில் மாமாவும் பெரிய மாமாவும் ஓர் ஆயுத இயக்கம், அப்பா வேறோர் இயக்கம். ஒரு நாள் அப்பாவின் இயக்கம் மற்றதைத் தடை செய்தது. சரி, எங்கள் பாடு முடிந்தது என்று பெரிய மாமா விடியமுன்னம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளிக்கிட்டார். வழியில் மறித்தார்கள். அவர் வீடு வந்து சேரவில்லை, காய்ச்சல் என்பது எனக்குச் சொன்ன கதை. மறித்தவர்களில் அப்பா இல்லை. அதைக் கேள்விப்பட்ட நாளே அவர் இயக்கத்தை விட்டு வெளியேறியவர். அம்மா அதை நம்பிக் கல்யாணம் செய்தாள். மாமாவும் நம்பியிருப்பார், ஆனால் நம்புவது வேறு, கதைப்பது வேறு.

இது ஒன்றும் தெரியாமல்தான் நான் அந்தக் கதிரையில் ஏறி நின்று, ஏன் மறிக்கவேணும் என்று கேட்டேன். நினைக்கும்போது இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. சில வேளைகளில், கேட்டது நல்லதுதான் என்றும் படுகிறது.

மாமா வீடு மாறிப் போனதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் மணி அடித்தது. அப்பா போய்க் கதவைத் திறந்தார். கையில் மீன் பையோடு மாமா. "வாரும்" என்றார் அப்பா. "பஸ் பிந்திப்போச்சு, அத்தான்" என்றார் மாமா. இருவரும் சோபாவின் இரண்டு கரைகளிலும் இருந்தார்கள். மீன் என்ன விலை, விம்பிள்டனில் குளிர் எப்படி என்று ஆளையாள் நேரே கேட்டுக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு நடுவில், யாராவது எதையாவது சொல்லியனுப்புவார்கள் என்று நெடுநேரம் காத்து நின்றேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்குச் சரியான கோபம் வந்தது.